பொம்மை மாட்டுக்குக் காய்ச்சல்: குட்டிப் பிள்ளைகளோடு கால்நடை டாக்டர் விளையாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுப் பொங்கல் விடுமுறை முடிந்து எங்கள் விளையாட்டுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இருக்காது. மாடு, கன்று, கொம்புக்கு அடித்த பெயிண்ட், தாத்தா வீட்டு ஆடு. அந்தச் சூட்டோடு வகுப்பின் ஒரு மூலையை மாட்டாஸ்பத்திரி ஆக்கிவிடுவோம். வீட்டுக்குப் போயும் அதையே விளையாட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்க, மறுநாள் வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்தான் இவை. மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வழக்கமான டாக்டர் விளையாட்டு வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது. இதில் புதிதாக என்ன?

நோயாளி வாய் திறந்து சொல்லாது. அதுதான் புதிது, மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

வழக்கமான டாக்டர் விளையாட்டைக் கவனித்துப் பாருங்கள். “எங்க வலிக்குது?” “வயிறு.” “ஊசி போட்டாச்சு, போங்க.” அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மாட்டிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பயன் இல்லை. டாக்டர் தானே பார்க்க வேண்டும்: எப்படி நிற்கிறது, எந்தக் காலைத் தூக்கி வைக்கிறது, காது தொங்குகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா. அப்புறம் ஓட்டி வந்தவரிடம் விசாரிக்க வேண்டும். ஆக, இந்த விளையாட்டில் எப்போதும் மூன்று பேர்: நோயாளி, அதை ஓட்டி வந்தவர், டாக்டர். பெரியவர்களுக்கு மிகப் பொருத்தமான வேடம் ஓட்டி வந்தவர் வேடம். குழந்தை கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொல்வீர்கள். வீட்டில் வழக்கமாக நடப்பதற்கு இது நேர்மாறு என்பதாலேயே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஒரு பாட்டியும் நாலு வயதுப் பேத்தியும் விளையாடியது கீழே. பாட்டி கிராமத்தில் மாடு வைத்திருந்தவர், அதனால் சரக்கு நிறைய.

“என்னம்மா ஆச்சு உங்க மாட்டுக்கு?”
“நேத்து ராத்திரியிலேர்ந்து அசை போடல டாக்டர்.”
“தண்ணி குடிச்சுதா?”
“ஒரு வாய் குடிச்சுது.”
“என்ன தின்னுச்சு?”
“கல்யாண வீட்ல மிஞ்சின சோத்தை அண்டாவோட கவுத்துத் தின்னுடுச்சு.”
“சோறு நல்லதுதானே?”
“நமக்கு நல்லது டாக்டர். மாட்டுக்கு வைக்கோலும் புல்லும்தான் நல்லது.”

பாட்டி சொன்னது கற்பனை இல்லை. சோறு, பொங்கல், அரிசிக் கஞ்சி போன்றவற்றை மாடு ஒரேயடியாகத் தின்றால் அசைபோடும் முதல் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். பொங்கல் சமயத்திலும் கல்யாண சீசனிலும் இப்படி வரும் மாடுகளைப் பார்க்காத கால்நடை மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அந்தக் குழந்தைக்கு அது ஒரு கதையாகவே போய்ச் சேர்ந்தது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

மூன்று வயதில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். பத்து பொம்மைக்கும் கட்டுப் போடுவார்கள், அவ்வளவுதான், அது போதும். நான்கில் கதை வரும். ஐந்து வயதுக்கு மேல் டோக்கன் கொடுப்பது, நோட்டில் பெயர் எழுதுவது, வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு டாக்டர் வேடமே வேண்டாம். டோக்கன் கொடுக்கும் ஆளாக மட்டும்தான் இருப்பான். இருக்கட்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்? கடையில் விற்கும் வெட்னரி செட் வாங்கலாமா?

வாங்கினால் தப்பில்லை, வாங்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை வைத்துத்தான் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றிப் பேசினார். ஒரு பொருளை வேறொன்றாக நினைத்துக்கொள்ளும் அந்தத் தாவல்தான் குழந்தையின் சிந்தனைக்குப் படிக்கட்டு என்பது அவர் கருத்து. அச்சு அசலான பொம்மைக் கருவி கையில் இருந்தால் அந்தத் தாவலுக்கு வேலை கொஞ்சம் குறைவு.

வீட்டில் இருப்பதே போதும். பழைய துண்டு ஒன்று, பூனையைச் சுற்றிப் பிடிக்க. நிஜ மருத்துவமனையிலும் பூனை பிராண்டாமல் இருக்க அதைத் துண்டால் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டுத்தான் மருந்து கொடுப்பார்கள். கிழிந்த வேட்டியை நீளமாகக் கிழித்துக் கட்டுத்துணி. சொப்பு சாமானில் இருக்கும் குடம், மருந்து கலக்க. டார்ச் ஒன்று, காதுக்குள் பார்க்க. ஓட்டி வந்தவர் கையில் ஒரு கயிறு கட்டாயம் இருக்க வேண்டும். கயிறு இல்லாமல் எந்த மாடும் ஆஸ்பத்திரிக்கு வராது. அது குட்டையாக, ஒரு சாணுக்குள் இருக்கட்டும், கழுத்தில் சுற்றிக்கொள்ள முடியாத அளவுக்கு.

காகிதத் தட்டு இருந்தால் நடுவில் வட்டமாக வெட்டி நாய் பொம்மையின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். தையல் போட்ட நாய்க்கு மாட்டும் கழுத்துக் கூம்பு அது. “ஏன் மாட்டணும்?” என்று குழந்தை கேட்கும். நாய் புண்ணை நக்கி நக்கித் தையலைப் பிரித்துவிடும், அதனால். ஒரு குழந்தை தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுவாங்கி, மாட்டியபடியே சாப்பிடப் பார்த்து, முடியாமல் போய், “பாவம் நாய்” என்றது. பாடமே எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாட்டின் காதில் மஞ்சள் அட்டை ஒன்றைக் குண்டூசி இல்லாமல் ஒட்டிவிடலாம். ஊரில் மாடுகளின் காதில் தொங்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். எண் எழுதப் பழகும் பிள்ளைக்கு நல்ல வேலை.

இனி, வேண்டாதவை. காலியான நிஜ மாத்திரை அட்டை, சிரப் பாட்டில் எதையும் விளையாட்டுக்குக் கொடுக்காதீர்கள். மிட்டாயை மாத்திரை என்று சொல்லியும் விளையாட வேண்டாம், தாத்தாவின் பி.பி. மாத்திரையும் பார்க்க மிட்டாய் போலத்தான் இருக்கும். வட்டமாக வெட்டிய அட்டையே மாத்திரையாக இருக்கட்டும். விளக்கு எரியும், சத்தம் போடும் பொம்மை ஸ்டெதஸ்கோப்புகளில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடக்கூடியது. அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நிஜ மருத்துவர் செய்யும் பரிசோதனையில் எதையெல்லாம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம்?

ஏறக்குறைய எல்லாமே. பெற்றோருக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரத்தில் நின்று பார்ப்பது. “கிட்ட போறதுக்கு முன்னாடி அஞ்சு எண்ணுற வரைக்கும் சும்மா பாரு. என்ன தெரியுது?” பொம்மையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தாலோ, ஒரு காலில் சிவப்புத் துணி கட்டிவைத்தாலோ பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜத்தில் மருத்துவரின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது மூக்கு. நல்ல நிலையில் இருக்கும் மாட்டின் மூக்கில் பனி படிந்த மாதிரி நீர் முத்துகள் இருக்கும், காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் காய்ந்துபோகும். நீங்கள் விரலில் தண்ணீர் தொட்டுப் பொம்மையின் மூக்கில் வைத்தோ வைக்காமலோ விடலாம். குழந்தை தொட்டுப் பார்த்து “காய்ஞ்சிருக்கு, காய்ச்சல்” என்று சொல்லும்.

பிறகு ஆட்டின் கண். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் சரி; வெளிறி இருந்தால் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கக்கூடும், குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். பொம்மை ஆட்டுக்குச் சிவப்பு, வெள்ளை என இரண்டு காகிதம் வெட்டி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கண்ணாடியில் தன் இமையை இழுத்துப் பார்த்துக்கொள்ளாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நாடி பார்ப்பதில் பெரிய சிரிப்பு இருக்கிறது. மனிதருக்கு மணிக்கட்டில், நாய்க்கும் ஆட்டுக்கும் பின்தொடையின் உள்பக்கம், மாட்டுக்கு வாலின் அடியில். “வாலுக்கு அடியிலயா!” என்று உருண்டு புரண்டு சிரிப்பார்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எங்கே வைப்பார்கள் என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் வகுப்பு நடக்காது. நமக்கு 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் சரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருப்பதே சரி. கோழிக்கு 106ஐ ஒட்டி இருக்கும், நமக்கென்றால் அது பெருங்காய்ச்சல். எண் பிள்ளைகளுக்கு வேண்டாம். ‘கோழி எப்பவும் நம்மைவிடச் சூடு’ என்பது மட்டும் போதும்.

எனக்கு மிகப் பிடித்தது கடைசிதான். மாட்டை நிறுத்திவைத்து, அதன் இடப்பக்கம், விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் இடத்தில் இருக்கும் பள்ளத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். உள்ளே இருப்பது அசைபோடும் வயிறு. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அது புரளும்போது தூரத்தில் இடி இடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் வயிறு வேலை செய்யவில்லை என்று பொருள். விளையாட்டில் அப்பா முட்டிபோட்டு மாடாகி நிற்கட்டும், குழந்தை காகிதக் குழாயை இடப்பக்கம் வைத்துக் கேட்கட்டும். அப்பாவின் வயிற்றிலிருந்து நிஜமாகவே சத்தம் வரும், சாப்பாட்டுக்கு முந்தைய நேரமாக இருந்தால் நிச்சயமாக.

எதுவானாலும் ஊசிதான் போடுகிறான். பொம்மையைக் குத்திக் குத்தி எடுக்கிறான். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். தனக்குப் போட்ட ஊசியைத்தான் போட்டுப் பார்க்கிறான். தடுப்பூசி அட்டவணைப்படி ஒன்றரை வயதிலும் ஐந்து வயதையொட்டியும் ஊசி உண்டு. குத்து வாங்கிய ஆள் குத்தும் ஆளாக மாறிப் பார்ப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. தடுக்காதீர்கள்.

ஆனால் ஊசிக்கு முன்னும் பின்னும் வேலை கொடுக்கலாம். “டாக்டர், மாடு உதைக்குமே, யார் பிடிச்சுக்கிறது?” “போட்ட இடத்தைத் தேய்ச்சு விடலாமா?” அப்புறம், எல்லா மருந்தும் ஊசி இல்லை என்பதையும் காட்டலாம். கோழிக்குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்க முதல் வாரத்தில் கொடுக்கும் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ விடும் ஒரே ஒரு சொட்டுதான். உள்ளங்கையில் குஞ்சைப் பிடித்து ஒரு சொட்டு விடுவது ஊசியைவிட நுணுக்கமான வேலை. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார்கள்.

ஒன்றை மட்டும் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று காலையில் மிரட்டிவிட்டு, மாலையில் டாக்டர் விளையாட்டு சொல்லித் தருவதில் அர்த்தம் இல்லை.

எங்களிடம் பிராணி எதுவும் இல்லை, அடுக்குமாடி வீடு. குழந்தைக்கு இது ஒட்டுமா?

ஒட்டும். மாடியில் காக்கா வரும், சுவரில் பல்லி இருக்கும், வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும், தினமும் பால் வரும். பால் எங்கிருந்து வருகிறது என்று தொடங்கினாலே மாட்டுக்கும் மாட்டு டாக்டருக்கும் வந்துவிடலாம். கொலுப்பெட்டியில் இருக்கும் பசுவும் கன்றும்கூட நோயாளிதான், மண் பொம்மை உடைந்தால் பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால்.

விளையாட்டில் நாய்க்கு வைத்தியம் பார்த்தவள் தெருநாயைத் தொடப் போகிறாள். என்ன செய்வது?

இது விளையாட்டு இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். பொம்மை நாயிடம் பழகிய கை நிஜ நாயிடமும் நீளும். ஆகவே முதல் நாளே ஒரு விதியை விளையாட்டுக்குள் வைத்துவிடுங்கள்: ஓட்டி வந்தவரிடம் கேட்காமல் டாக்டர்கூட நாயைத் தொடமாட்டார். ஓட்டி வந்தவர் இல்லாத நாயை நாம் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் செய்வோம்.

சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் – மூன்றின் பக்கமும் போகக் கூடாது. நாய் நம்மை நோக்கி வந்தால் ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அதன் கண்ணை முறைக்காமல், அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்கு ‘மரம் ஆகிவிடு’ என்று பெயர். ஒரு குழந்தை நாயாகி முகர்ந்துகொண்டே சுற்றிவரும், மற்றவர்கள் மரமாக நிற்பார்கள், சிரித்தவர் அவுட். அவசர நேரத்தில் உடம்பு இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் திரும்பத் திரும்ப விளையாடுகிறோம்.

கடித்தாலும், பல் அல்லது நகம் பட்டுக் கீறினாலும், அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் விளையாட்டில் சேருங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு, அதுதான் ஆபத்து. ரேபிஸ் நோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன்னால் தடுப்பது முடியும். புண்ணைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும்.

மாட்டு டாக்டர் முழங்கைக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு “மாட்டுக்குள்ளே கை விடறார்”. ஏன் என்று கேட்கிறான்!

கிராமத்துக்குப் போய் வந்த பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். “வயித்துக்குள்ள கன்னுக்குட்டி இருக்கான்னு தொட்டுப் பார்க்கிறார்.” இவ்வளவுதான் பதில். அதற்கு மேல் கேட்டால் அதற்கும் சுருக்கமாக, பொய் இல்லாமல் சொல்லுங்கள். ‘சினை பார்க்கிறது’ என்ற சொல்லையும் கற்றுக்கொள்ளட்டும்.

இதையே பெரிய விளையாட்டாக்கலாம். போர்வைக்குள் கன்றுப் பொம்மையை வைத்து, மேலே பசு. முதலில் இரண்டு முன்னங்கால் வரும், அவற்றின் மேல் மூக்கு வைத்தபடி தலை வரும். இந்த வரிசையில் வந்தால் பிரசவம் சரியாக நடக்கிறது. காலில் ஒன்று மடங்கிக்கொண்டால்தான் டாக்டரைக் கூப்பிட ஓடுவார்கள். வெளியே வந்ததும் கன்றின் மூக்கில் இருக்கும் சளியைத் துடைக்க வேண்டும், பசு நக்கிவிடும், அப்புறம் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்கு அதில்தான் வருகிறது. பசு கன்றைச் சுமப்பது ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல், நம்மைப் போலத்தான். ஆடு ஐந்து மாதம், நாய் இரண்டு மாதம், யானை 22 மாதம். யானைக் கணக்கைக் கேட்டதும் ஒரு குழந்தை, “அவ்வளவு நாளா பாப்பா இருட்டுல என்ன பண்ணும்?” என்றது. எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இவனுக்கு மாடு வேண்டாமாம். யானைக்கும் சிங்கத்துக்கும்தான் டாக்டராம்.

சரி, விடுங்கள். வண்டலூர் பூங்காவிலும் முதுமலை தெப்பக்காடு யானை முகாமிலும் கால்நடை மருத்துவர்கள் உண்டு. யானை டாக்டர் என்றே அறியப்பட்ட வி. கிருஷ்ணமூர்த்தி தமிழக வனத்துறையில்தான் வேலை பார்த்தார்.

யானைக்கு மருந்து கொடுக்கும் விதம் சுவாரசியமானது. கேழ்வரகும் கொள்ளும் சேர்த்து வேகவைத்து, வெல்லம் போட்டு உருட்டிய கவளத்துக்குள் மாத்திரையை மறைத்துக் கொடுப்பார்கள். களிமண்ணையோ சப்பாத்தி மாவையோ உருட்டி உள்ளே அட்டை மாத்திரையை ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். யானை (அதாவது நீங்கள்) கெட்டிக்காரத்தனமாக மாத்திரையை மட்டும் துப்ப வேண்டும். டாக்டர் வேறு வழி யோசிக்க வேண்டும்.

சிங்கத்துக்குக் கூண்டுக்கு வெளியே நின்றே மயக்க ஊசியைத் துப்பாக்கியாலோ ஊதுகுழலாலோ செலுத்துவார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வீட்டில் உறிஞ்சு குழல்கள் காணாமல் போகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

ஆபரேஷன் விளையாட்டு பயமுறுத்தாதா?

சொல்லும் விதத்தில் இருக்கிறது. நாங்கள் விளையாடுவது பிளாஸ்டிக் தின்ற மாடு. 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை அறுவை செய்து எடுத்தார்கள். எங்கள் வகுப்பில் எந்தக் குழந்தையின் எடையையும்விட அது இரண்டு மடங்குக்கும் மேல். குப்பையில் மீந்த சோற்றைப் பையோடு கட்டிப் போடுகிறோம், வாசனைக்கு மாடு பையோடு தின்றுவிடுகிறது.

பழைய தலையணை உறை ஒன்றைப் பசு வயிறாக்கி, உள்ளே வண்ணத் துணித் துண்டுகளைத் திணித்து, இடப்பக்கம் ஒரு திறப்பு வைத்திருக்கிறோம். பாலித்தீன் பை வேண்டாம், தலையில் மாட்டிக்கொள்வார்கள். டாக்டர் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து வாளியில் போட்டு எண்ண வேண்டும். முன்னதாக மயக்க மருந்து உண்டு, அதனால் மாட்டுக்கு வலிக்காது என்று சொல்லிவிடுங்கள்; அறுவையின்போது அந்த இடம் மரத்துப்போக மருந்து கொடுப்பது உண்மைதான். முடிந்ததும் திறப்பைத் துணி கிளிப்பால் ‘தைப்பார்கள்’.

இதை விளையாடிய வாரத்தில் பல வீடுகளில் குப்பைப் பையை வாயைக் கட்டி வெளியே வைத்த அப்பாக்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பொம்மை நாய் “செத்துப் போச்சு” என்று அவளாகவே சொல்கிறாள். என்ன சொல்வது?

“அப்படியா” என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த நிமிடமே நாய் எழுந்துவிடும். இந்த வயதில் சாவு என்பது திரும்பி வராதது என்று முழுசாகப் பிடிபட்டிருக்காது. டாக்டரால் எல்லாரையும் காப்பாற்ற முடியாது என்பதும் இந்தத் தொழிலில் உண்மை, அதை மறைத்து எப்போதும் ஜெயிக்க வைக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பிராணி நிஜமாகவே இறந்திருந்தால் ‘தூங்குகிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இரவில் தூங்கப் பயப்படும் பிள்ளைகள் பலர் இதனால்தான். செத்துப்போனது, இனி மூச்சு விடாது, வலிக்காது, வராது. இவ்வளவு சொன்னால் போதும். அழுதால் அழட்டும்.

கோழிக்கு வைத்தியம் பார்த்தவள் இரவு தட்டைப் பார்த்து, “இந்தக் கோழியை ஏன் டாக்டர் காப்பாத்தல?” என்றாள்.

அசைவம் சாப்பிடும் வீடுகளில் என்றாவது ஒருநாள் வந்தே தீரும் கேள்வி. என் பதில்: சில பிராணிகளை முட்டைக்கும் பாலுக்கும் கறிக்கும் வளர்க்கிறோம்; இருக்கும் வரை அவை நோயில்லாமல் இருக்க டாக்டர் பார்த்துக்கொள்கிறார். சில மருந்துகளை ஊசியாகப் போட்ட மாட்டின் பாலைச் சில நாள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்வதும் அவர்தான். குழந்தை இரண்டு நாள் கறி வேண்டாம் என்றால் கேலி செய்யாதீர்கள்; வற்புறுத்தவும் வேண்டாம்.

இரண்டு பேருக்கும் டாக்டர் வேடம்தான் வேண்டும், அடிதடி.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் தவிரக் கால்நடை ஆய்வாளர் இருப்பார், பராமரிப்பு உதவியாளர் இருப்பார். இல்லாவிட்டால் இரண்டு ஆஸ்பத்திரி திறந்துவிடுங்கள். கூட்டம் எங்கே போகிறது என்று போட்டி வந்துவிடும்.

பெண் குழந்தைக்கு மாட்டு டாக்டர் விளையாட்டு எதற்கு என்று மாமியார் கேட்கிறார்.

வேப்பேரி கல்லூரி தொடங்கிய 1903 இல்லை இது. ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்பில் இன்று பெண்கள் ஏராளம், உங்கள் ஊர் மருந்தகத்திலேயே ஒரு டாக்டரம்மா இருக்கக்கூடும். மாமியாரையே மாட்டை ஓட்டிவரும் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பாட்டி அப்படி உள்ளே வந்தவர்தான்.

நிஜமான கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போகலாமா?

நன்றாகப் போகலாம். காலையில்தான் கூட்டம் இருக்கும், அப்போதுதான் பார்க்கவும் இருக்கும். மாட்டைக் கட்டி நிறுத்தும் இரும்புக் கூண்டு முற்றத்தில் இருக்கும். அதற்குப் பின்பக்கம் குழந்தையை நிற்க விடாதீர்கள், உதை எட்டும் தூரத்துக்கு வெளியே, முடிந்தால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாடு உதைத்துத் துள்ளினால், பிரசவக் கேஸ் வந்தால், அழுகிற பிள்ளையைப் பிடித்து “பாரு, பாரு” என்று காட்ட வேண்டாம், கிளம்பிவிடுங்கள். திரும்பி வந்ததும் கை கால் கழுவ வேண்டும்.

மாட்டின் வாயிலும் காலிலும் புண் வரவைக்கும் கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிராமங்களில் தடுப்பூசி முகாம் போடுவார்கள். சொந்த ஊரில் நடந்தால் அதைக் காட்டுவது இன்னும் நல்லது. ஊரே மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தடியில் நிற்கும், டாக்டர் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். மாடு நகர முடியாத நிலையில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அப்புறம் வீட்டில் எல்லா நாற்காலியும் ஆம்புலன்ஸ்தான்.

வாரக்கணக்கில் இதையே விளையாடுகிறான். எனக்கு அலுத்துவிட்டது.

அவனுக்கு அலுக்கவில்லையே. நோயாளியை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். மாஞ்சா நூல் சுற்றிச் சிறகு அறுந்த புறா. முள் குத்தி நொண்டும் ஆட்டுக்குட்டி. லாடம் கழன்ற வண்டி மாடு. பட்டாசுச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுக்கும் நாய். இந்தக் கடைசிக் கேஸில் நீங்களே நாயாகிக் கட்டிலுக்கடியில் படுத்துவிடலாம். டாக்டர் வந்து சமாதானம் செய்து வெளியே வரவழைக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.